முதல்ல காயட்டும்

போன வாரம் சரவணன் என்னைப் பார்க்க ரஹாங்கில் என் வீட்டுக்கு வந்தான். நான் வேலை செய்த ஜன்னல் கழுவும் கம்பெனியில் இப்போது அவன்தான் சூப்பர்வைசர். வீட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் உட்கார்ந்தோம். தேத்தண்ணி மேசைக்கு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணே, புது வேன் எடுக்கப் போறோம் லா. ஹீட்டர் வச்சதா, வைக்காததா? சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா? நீங்க ரெண்டையும் பாத்தவரு. ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“ஒரே வார்த்தையிலயா? ஒரே வார்த்தையாலதான்டா பெடாஸ்ல கண்ணாடியே ஒடஞ்சிச்சு.”

அவன் சிரித்தான். நான் கதையைத் தொடங்கினேன். பாதியில் அவனுக்குப் போன் வந்தது, எழுந்து போய்விட்டான். மீதிக் கதையை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். புத்திப் பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள்.

லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவினார்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நானும் ஒழுங்காகத்தான் போனேன், பெரும்பாலும் அதன் பின்பக்கம் வரைக்கும். பிறகு லோரி கழுவினேன். லோரி கழுவுகிறவனுக்குக் கண்ணாடி கழுவத் தெரியாதா என்று யாரோ கேட்க, தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது. கண்ணாடி துடைக்கும் சாமானின் முனையில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும், அதற்கு நாங்கள் வைத்த பெயரே ‘ரப்பர்’தான். மகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, “அவனும் ரப்பர்லதான் இருக்கான்” என்று சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்படியே பல வருஷம் ஓடியது. ஏணி, வாளி, சவர்க்காரம், ரப்பர். பிறகு அருமைநாயகம் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக உட்கார்ந்தவர்கள். என்னுடைய முன்னோர் அதே ஆபீசுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள். நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலைக் கழுவத்தான் ஆண்டவன் எங்கள் இரண்டு பேரையும் கடைசியில் ஒரே வேனில் ஏற்றிவிட்டான் போல.

சார் கத்தவே மாட்டார். எங்களை ‘நீர்’ என்பார், ‘காணும்’ என்பார். தோட்டத்தில் ‘டே’ கேட்டே வளர்ந்த எனக்கு, யாராவது ‘நீர்’ என்றால் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். வேலைக்குக் கிளம்பும் முன், பேனா மாதிரி இருக்கும் ஒரு மீட்டரை எடுத்து வேன் தொட்டியில் உள்ள தண்ணீரில் விடுவார். குழாய்த் தண்ணீரை வடிகட்டி, அதிலிருக்கும் உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் எடுத்த தண்ணீர் அது. மீட்டரில் சைபர் காட்டினால்தான் வேன் நகரும்.

“எவ்வளவு காணும்?”

“சைபர் சார்.”

“நல்லது.”

வாழ்க்கையில் நான் சைபர் வாங்கி ஒருவர் ‘நல்லது’ என்று சொன்ன ஒரே இடம் அதுதான்.

அந்தத் தண்ணீரை நீளமான கம்பு வழியாகப் பிரஷுக்கு ஏற்றி, கீழே நின்றபடியே மேலே கழுவுவோம். ஏணி வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம். முதலில் சட்டம், பிறகு கண்ணாடி, பிறகு மேலிருந்து கீழே அலசுவது. அதோடு சரி. துடைக்கவே கூடாது. தண்ணீரில் ஒன்றும் இல்லாததால் அது போகும்போது கண்ணாடியில் ஒரு பொட்டு வைக்காது. எனக்கோ பழைய பழக்கம், கை தானாக ரப்பரைத் தேடும்.

“தொடாதேயும் காணும். காயட்டும்” என்பார் சார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணாடி காயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். சிலர் மீன் தொட்டியைப் பார்ப்பது மாதிரி.

அதுவரைக்கும் எல்லாம் பச்சைத் தண்ணிதான். ஒரு நாள் சார் ஹீட்டர் வைத்த வேனைக் கொண்டு வந்து நிறுத்தினார். டீசலில் எரியும் அடுப்பு, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எங்களுக்கு ஒரே சிரிப்பு. குளிர் ஊர்க்காரனுக்குக் கை விறைக்கும், அவன் சுடுதண்ணியில் கழுவுகிறான். நம்ம ஊரில் மத்தியானம் வாளியில் வைத்த தண்ணியே முட்டை வேக வைக்குமே! முதல் நாள் நான் வீராப்பாகக் கம்பை எடுத்தேன். கம்பை இறுக்கும் இரும்புப் பூட்டு சுடச்சுட இருக்கும் இடத்தில் பிடித்துவிட்டேன். அன்று நான் ஆடிய ஆட்டத்துக்குத் தப்பு மேளம் மட்டும்தான் இல்லை.

ஆனால் விஷயம் இருந்தது. கோழிக்கறி சட்டியைப் பச்சைத் தண்ணியில் கழுவிப் பாருங்கள். சட்டி, கை, பிரஷ் மூன்றும் கோழியாகிவிடும். தூசி, மண், மழைக்கறை இதற்கெல்லாம் பச்சைத் தண்ணி போதும். எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த குருவி எச்சம் இதற்கெல்லாம் சுடுதண்ணி வேண்டும். பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடங்களில் தூசி, பிசுக்கு இரண்டுமே இருக்கும். ஆலைப் புகை வெறும் கரி இல்லை, எண்ணெய் பூசிக்கொண்டு வந்து ஒட்டும் கரி.

பெடாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தையும் ஆலையையும் ஒட்டி ஒரு டயாலிசிஸ் நிலையம் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். ஹீட்டர் வேன் வேறு இடத்துக்குப் போயிருந்த நாளில் நான் அங்கே பச்சைத் தண்ணியோடு போனேன். கழுவினேன், அலசினேன், காய விட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதம். உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சாம்பல் கலரில் அலை அலையாக ஒரு படலம்.

கண்ணாடிக்குப் பக்கத்து நாற்காலியில், கையில் குழாயோடு ஒரு அம்மா சாய்ந்திருந்தார். தெய்வானை அக்கா. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர்.

“யப்பா,” என்றார், “முன்ன அழுக்கு அங்கங்க இருந்திச்சு. நீ எல்லாருக்கும் சமமா பங்கு போட்டு வுட்டுட்ட.”

“எங்க சார் சமத்துவக்காரரு அக்கா.”

“சமத்துவம் இருக்கட்டும். அந்தா மரத்தடியில ஒரு மோட்டார் தெரியுதா?”

குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஏதோ ஒன்று மங்கலாக இருந்தது. “மாடா அக்கா?”

“என் வீட்டுக்காரருப்பா!”

அவர் பெயர் மாரிமுத்து. வாரம் மூன்று நாள் அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். சிகிச்சை அறைக்குள் கூட வந்தவர்களை விடமாட்டார்கள். எதிரே இருக்கும் மழைமரத்தடியில், முடியும்வரை அப்படியே மோட்டார்மேல் உட்கார்ந்திருப்பார்.

“ஊசி குத்தறப்ப நான் அங்க பாப்பேன். அவரு இங்க பாப்பாரு. அப்பறம் ஒன்னும் பயம் தெரியாது” என்றார் அக்கா. உடனே குரலை மாற்றிக்கொண்டு, “சும்மா பாசத்துல சொல்றேன்னு நெனைக்காத. அந்த ஆள கண்ணுல வச்சிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா எங்கயாச்சும் பூந்துருவாரு” என்றார்.

நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் கலா சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூலையில் ஒரு பெரிய சுருளைச் சாத்தி வைத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர், பால் மாதிரி.

“அண்ணே, சென்டர் கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. இன்னும் ஒரு வாட்டி கழுவிப் பாப்பாங்களாம். போவலன்னா இத ஒட்டிடுவாங்க. அழுக்கு தெரியாது. வெளிச்சம் வரும்.”

“ஆளு தெரியுமா சிஸ்டர்?”

சிஸ்டர் சுருளை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தார். அக்கா பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் போய் சாரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து என்னோடு அவரே வந்தார். வெளியே நின்று, புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி வேர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏர்கோன் அவ்வளவு குளிர். சார் முகத்தைச் சுளித்தார்.

“பச்சைத் தண்ணிக்கு இந்தப் பிசுக்குப் போகாது. இந்தக் குளிர்க் கண்ணாடியில சுடுதண்ணி விட்டா வெடிக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். நான் அப்போது மாரிமுத்து அண்ணனிடம் நெருப்பு கேட்டுக்கொண்டிருந்தேன். ‘வெடிக்கும்’ மட்டும் காதில் விழுந்தது. ஹீட்டரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நாள் குறித்தார்கள். காலைப் பிரிவு நோயாளிகள் போய், மத்தியானப் பிரிவு வருவதற்கு நடுவில் இருக்கும் நேரம். நான் ஹீட்டர் வேனோடு போய்ச் சேர்ந்தபோது சார் தம்பின் ஊரிலிருந்து போன் செய்தார்.

“நான் வரக் கொஞ்ச நேரம் செல்லும் காணும். சிஸ்டர் ஏர்கோனை நிப்பாட்டுவா. முதல்ல காயட்டும். நல்லாக் காஞ்ச பிறகு சுடுதண்ணி விடும். விளங்கிச்சே?”

“வெளங்கிடுச்சு சார்.”

எங்கள் வீட்டில் அடுப்பில் தண்ணி காயும். “தண்ணி காஞ்சிருச்சா, குளிக்கணும்” என்பார் அப்பா. வேனில் அடுப்பு இருக்கிறது. முதலாளி ‘முதல்ல காயட்டும்’ என்கிறார். ‘நல்லா’ என்கிறார். ஹீட்டர் வெடிக்குமோ என்ற பயத்தோடேயே திருகைக் கடைசிவரைக்கும் திருப்பினேன். தண்ணி காய்ந்தது. காய்ந்தது என்றால் அப்படிக் காய்ந்தது! குழாயே நூடல்ஸ் மாதிரி தொளதொளத்துவிட்டது.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் கக்கூஸ் ஜன்னலில்தான் ஆரம்பிப்பேன். அனுபவம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே என்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். பெரிய கண்ணாடிச் சுவரை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போய், கக்கூஸ் ஜன்னலில் பிரஷை வைத்தேன். புகை மாதிரி ஆவி. பிசுக்கு வெண்ணெயாக உருகியது. ‘அடடா முனியாண்டி, நீ எங்கேயோ போய்ட்ட’ என்று எனக்கு நானே சொல்லி முடிக்கவில்லை.

டிங்.

மூலையில் ஏற்கெனவே சின்னதாய்ப் பொத்துப் போயிருந்த இடத்திலிருந்து, குறுக்கே ஒரு கோடு நிதானமாக நடந்து போனது. நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

கலா சிஸ்டர் ஓடி வந்தார். “என்னாண்ணே சத்தம்?”

“ஒன்னுமில்ல சிஸ்டர். கண்ணாடி சிரிச்சிச்சு.”

அவர் சிரிக்கவில்லை. உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு முன்பக்கத்துப் பெரிய சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கக்கூசில் வெட்கப்பட்டுக்கொண்டு ஆரம்பிக்காமல் நேராக அங்கே போயிருந்தால்?

சார் வந்து இறங்கினார். பார்த்தார். கையைப் பின்னால் கட்டினார்.

“நான் காயட்டும் எண்டனான் எல்லே?”

“காய வச்சேன் சார். கொதிக்கக் கொதிக்கக் காய வச்சேன்!”

சார் ஆவி வரும் குழாயைப் பார்த்தார். “எதைக் காய வைச்சனீர்?”

“தண்ணிய.”

“தண்ணி எப்பிடிக் காணும் காயும்? தண்ணிதானே மற்றதைக் காய விடாமல் வைச்சிருக்கிறது?”

“எங்க ஊட்ல தண்ணிதான் சார் காயும். அடுப்புல.”

“அது சுடுறது. காயிறதில்லை.”

“சார், கழுவுனப் பின்னாடி கண்ணாடி காயும், சரி. கழுவறதுக்கு முன்னாடியே காய வைக்க வேற என்னா சார் இருக்கு?”

சார் என் கையைப் பிடித்து முன்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். கண்ணாடியில் இன்னும் முத்து முத்தாக வேர்வை. விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “இது காயட்டும் எண்டு சொன்னனான். வேர்வை தானாக் காஞ்சால் கண்ணாடிக்குக் குளிர் விட்டுட்டுது எண்டு அர்த்தம். பேந்து சுடுதண்ணி.”

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அருமைநாயகம் சார் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். “நூறு வருஷமா ஒரே தோட்டத்தில இருந்திருக்கிறம் காணும். ஒரு தண்ணி சுட வைக்க எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும்!”

சிஸ்டருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. “வேணாம் சார். இதே மாதிரி பெரிய கண்ணாடி போச்சுன்னா? பக்கத்துல ஆளுங்க படுத்திருப்பாங்க. நான் ஸ்டிக்கரே ஒட்டிடறேன்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வேர்வை காய நேரம் ஆகும். மத்தியானப் பிரிவு ஆட்கள் வேறு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே படுக்க வைத்தால் ஏர்கோன் போட வேண்டும். ஏர்கோன் போட்டால் கண்ணாடி மறுபடியும் வேர்க்கும். சார் தலையை ஆட்டிக்கொண்டே, “சிஸ்டர் சொல்லுறது சரிதான். ஆக்கள் உள்ளுக்கு இருக்கேக்க நான் செய்ய மாட்டன்” என்றார். நான் குழாயைச் சுருட்டக் குனிந்தேன்.

அப்போது வாசலில் மோட்டார் வந்து நின்றது. தெய்வானை அக்கா இறங்கி, யார் முகத்தையும் விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “என்னா, யாரு செத்தா?”

சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு நேராகப் போய், வெளியே ஐந்தடி நடைபாதையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“நாங்க இங்க குந்திக்கறோம். ஏர்கோன் வேணாம். வேர்வ எங்களுக்குப் புதுசா? வெயில்ல மருந்து டேங்க முதுகுல சொமந்தவங்க நாங்க. கொஞ்சம் லேட்டா மிஷின்ல போட்டா பரவால்லியா சிஸ்டர், அத மட்டும் சொல்லு.”

சிஸ்டர் யோசித்தார். “கொஞ்ச நேரம்னா பரவால்லக்கா. ஆனா மத்தவங்க?”

அக்கா திரும்பி, வந்து இறங்கியவர்களைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். “எல்லாம் இங்க வாங்கப்பா! இன்னிக்கு உள்ள பொணவற மாதிரி குளுரு இல்ல!” ஒரு சீனத் தாத்தாவும் ஒரு மலாய்க்கார அக்காவும் என்ன ஏது என்று கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பக்கத்துக் கடையிலிருந்து யாரோ விசிறி மட்டை கொண்டு வந்தார்கள். உள்ளே ஆளே இல்லை. கலா சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார். “சரி சார். செய்ங்க.”

நாங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள். வேர்வை முதலில் மேல் ஓரத்தில் காய்ந்தது, பிறகு நடுவில், கடைசியாகக் கீழே. சார் மூலை மூலையாகத் தடவி, எங்காவது பொத்து இருக்கிறதா என்று பார்த்தார். புறங்கையை வைத்தார். “ம்” என்றார்.

நான் ஹீட்டர் திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு ஊற்றுகிற சூடு. அதைத்தான் முதலில் கண்ணாடி முழுக்க விட்டோம். ஒரே இடத்தில் நிற்காமல், மேலும் கீழும், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு. கண்ணாடி முழுசும் ஒன்றுபோல வெதுவெதுப்பான பிறகு கொஞ்சம் சூடு கூட்டினோம். மறுபடி ஒரு சுற்று. மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு முறை திருகைத் தொடும்போதும் என் காது அந்த ‘டிங்’குக்காகக் காத்துக்கொண்டு நின்றது. வரவில்லை. வந்தது பிசுக்குதான். பலகாரச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி, காப்பிக் கலரில் ஒழுகிக் கீழே இறங்கியது.

கடைசி அலசல் முடிந்ததும் என் கை பழைய பழக்கத்தில் இடுப்பில் ரப்பரைத் தேடியது.

“தொடாதேயும். காயட்டும்.”

“எது சார்? தண்ணியா, கண்ணாடியா?”

“உம்மட வாய் காயட்டும்.”

காய்ந்தது. ஒரு பொட்டு இல்லை. அக்காவை உள்ளே கூட்டிப் போய் அதே நாற்காலியில் சாய்த்தார்கள். சிஸ்டர் ஊசியை எடுத்தார். அக்கா தலையைத் திருப்பி மரத்தடியைப் பார்த்தார். மரத்தடியில் மாரிமுத்து அண்ணன் வழக்கம்போலக் கையைத் தூக்கப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டு, எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். இத்தனை நாளும் அவருக்கும் உள்ளே ஆள் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குத்துமதிப்பாக ஒரு நாற்காலியைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

கக்கூஸ் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். வெள்ளை ஸ்டிக்கரை சிஸ்டர் அதில் ஒட்டினார். அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஆகவே, சரவணா, ஹீட்டர் வைத்ததையே எடு. ஆனால் வேனைப் பார்த்து முடிவெடுக்காதே, ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் பார்த்து முடிவெடு. பத்து வீட்டில் ஒன்பதுக்குப் பச்சைத் தண்ணியே போதும். டீசலை வீணாக்காதே. பிசுக்கு இருந்தால் சுடுதண்ணி. ஆனால் முதலில் புறங்கையை வைத்துப் பார். கண்ணாடி குளிர்ந்திருந்தால் காத்திரு. வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தால் பச்சைத் தண்ணியையும் ஊற்றாதே, நிழல் வரட்டும். கண்ணாடிக்குச் சூடும் ஆகும், குளிரும் ஆகும். திடீரென்று மாற்றினால்தான் ஆகாது. என் மாமியார் மாதிரி. அப்புறம், முதலாளி ஏதாவது சொன்னால் ‘வெளங்கிடுச்சு’ என்று உடனே சொல்லாதே. ‘எத சார்?’ என்று ஒரு வார்த்தை கேள்.

வேலையை விடும்வரை அந்தப் பெடாஸ் நிலையத்தை நான்தான் கழுவினேன். கொஞ்ச நாள் கழித்துப் போனபோது மாரிமுத்து அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். வாயில் வறுத்த பீசாங், வாழைப்பழப் பலகாரம்.

“டே முனி, ஒன்ன யாருடா அவ்ளோ சுத்தமா கழுவச் சொன்னது? ஒரு சிகரெட் பத்த வைக்க முடியல. ஒரு பலகாரம் வாயில வைக்க முடியல. உள்ளேருந்து வெரல ஆட்டறா!”

“அப்ப என்னா பண்றீங்கண்ணே?”

அவர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் உள்ளே போய் வழக்கம்போலக் கண்ணாடியைச் சரிபார்த்தேன். தெய்வானை அக்கா குழாய் போட்ட கையை அசைக்காமல், மற்ற கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“கண்ணாடி நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்த மரத்த எப்ப கழுவப் போற?”